ஆல்பேட்டையில் நின்றிருந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இறந்த படைவீரனின் உடலுக்குத் துணையாக நீங்கள் பைக்கில் வந்தது எப்படி இருந்தது என்று போனில் நீ கேட்டபோது "நல்லா செஞ்சீங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவுதானா அப்பா என்று நீ நினைத்திருப்பாய். போனில் எனக்கு அதற்கு மேல் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை நான் வீட்டில் இருக்கவில்லை. ஆல்பேட்டை சோதனைச் சாவடி பக்கத்தில் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, உன் கண் சாலையில் இருக்க வேண்டிய நேரம் அது. திண்டிவனம் தாண்டிவிட்டோம் என்று நீ அனுப்பிய செய்தி வந்ததுமே பக்கத்து வீட்டுத் தம்பியின் டிவிஎஸ்ஸில் ஏறிக் கிளம்பிவிட்டேன். ஐப்பசித் தூறல். பெண்ணையாற்றில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒருவர், போலீஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு, எந்த மந்திரி வர்றார் என்று கேட்டார். மந்திரி இல்லை, நம்ம மாவட்டத்துப் பையன் ஒருத்தன் எல்லையில் இறந்துவிட்டான், அவனைக் கொண்டுவருகிறார்கள் என்றேன். கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ரோட்டோரம் வந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கால் மணி நேரத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அப்புறம் பாலத்தின் மேல் உன் வண்டி விளக்கு தெரிந்தது. பின்னால் இரண்டிரண்டாக மற்ற விளக்குகள். முப்பத்திரண்டு வண்டி என்று நீ சொல்லியிருந்தாய், நான் எண்ணவில்லை. ஹார்ன் இல்லை. யாரும் முறுக்கவில்லை. நாற்பதுக்கு மேல் போகாத வேகத்தில், முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் ஒரே இடைவெளி விட்டு வந்தீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து அத்தனை தூரம், அந்த வேகத்தில், நனைந்த ரோட்டில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு வருவது எப்படிக் கையைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். நடுவில் பூ போட்ட இராணுவ வண்டி. டீக்கடைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அட்டென்ஷனில் நின்று சல்யூட் வைத்தேன். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழித்தும் கை தானாகப் போனது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடந்தது.

சாவடிக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பையன்கள் வண்டியோடு காத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்களாகவே வந்தவர்கள். ஆனால் சைலன்சர் கழற்றிய வண்டிகள். ஹேண்டில்பாரில் தேசியக்கொடி. ஒருவன் பின்னால் திரும்பி உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். உங்களைப் பார்த்ததும் எல்லாரும் முறுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நீ கையைத் தூக்கி உன் வரிசையைப் பக்கத்து வண்டிக்கு ஒப்படைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாய். ஹெல்மெட்டைக் கழற்றி அந்தப் பையனிடம் என்னவோ சொன்னாய். அரை நிமிஷம்கூட இருக்காது. சத்தம் நின்றது. கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். என்ன சொன்னாய் என்று நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் எனக்கு 2003 நினைவு வந்தது. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மாவிடம்கூட நான் இதை முழுதாகச் சொன்னதில்லை.

நான் ரெஜிமென்டில் இருந்தபோது, என்னோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவனின் பெட்டியோடு என்னை அனுப்பினார்கள். அவனும் கடலூர்ப் பக்கம் என்பதால் நான். 1965-லும் 1971-லும் போரில் இறந்தவர்களைப் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிட்டார்கள், ஊருக்கு வந்தது சேதி மட்டும்தான். 1999 கார்கிலுக்கு அப்புறம்தான் உடலைக் கட்டாயம் வீட்டுக்குச் சேர்ப்பது என்று வழக்கமானது. பெட்டியோடு போகிற ஆளுக்கு ஒரே வேலை, அவனைத் தனியாக விடக்கூடாது. விமானத்தில், லாரியில், எங்கேயும். சென்னையிலிருந்து ஒரு வாடகை வண்டி. முன்னால் பின்னால் யாரும் இல்லை. வழியெல்லாம் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே முந்தினார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை, உள்ளே யார் இருக்கிறான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட். அப்போது சுரங்கப்பாதை கிடையாது. கேட் மூடியிருந்தது. இருபது நிமிஷம் நின்றோம். பின்னால் நின்ற வண்டிகள் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தன. ஒருவர் இறங்கி வந்து, வண்டியை இப்படியா குறுக்கே நிறுத்துவது என்று டிரைவரைத் திட்டினார். நான் உள்ளே பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பிறந்து வளர்ந்த ஊர், பாப்பா. சினிமாவுக்கும் சந்தைக்கும் எத்தனையோ தடவை அவன் தாண்டிப்போன கேட். அவன் வந்திருக்கிறான் என்று ஊருக்குத் தெரியவில்லை. இறங்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு இரண்டே இரண்டு வண்டி முன்னால் வந்திருந்தால் போதும், அந்த மனிதர் திட்டியிருக்க மாட்டார், ஓரமாக நின்று கும்பிட்டிருப்பார்.

அதனால்தான் இந்தப் பையனுக்குத் துணையாக வண்டிகளில் வரலாமா என்று நீ முதலில் கேட்டபோது நான் அத்தனை கறாராகப் பேசினேன். அந்த வீட்டில் கேட்டாயா, கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதே என்றேன். உனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் அவன் மச்சானிடம் நீயே பேசி, அவன் அம்மாவின் சம்மதம் வாங்கினாய். செங்கல்பட்டு, விழுப்புரம், புதுச்சேரி, கடலூர் என்று நான்கு எல்லைக்கும் போலீஸில் தகவல் கொடுத்தாய். அறுபது பேர் வருகிறேன் என்றதைப் பாதியாகக் குறைத்தாய். சத்தம் போடும் வண்டிக்காரர்களைக் காரில் வரச் சொன்னாய். அந்த நண்பர்கள் மனம் கோணாமல் வந்ததற்கு அவர்களுக்கு என் நன்றியைச் சொல்.

நீ எனக்கு அனுப்பிய அமெரிக்கக் கதையையும் நான் மறக்கவில்லை. 2005-ல் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ். படைவீரர்களின் சவ அடக்கத்துக்கு எதிரே ஒரு சர்ச் கூட்டத்தார் வந்து நின்று, இறந்தவனை இகழ்ந்து கோஷம் போட்டார்களாமே, படிக்கவே கூசியது. அந்தக் கூட்டம் குடும்பத்தின் கண்ணில் படாமல் இவர்கள் கொடி பிடித்து வரிசையாக நின்று மறைத்தார்கள். கோஷம் காதில் விழாமல் இருக்க எஞ்சினை முறுக்கினார்கள். குடும்பம் கூப்பிட்டால் மட்டுமே போவார்கள் என்பதும் அவர்கள் வைத்த விதிதான். யோசித்துப் பார். அந்தச் சத்தத்துக்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. இங்கே நம் மண்ணில் சாவுக்கு எதிரே நின்று ஏசுகிறவன் யாரும் இல்லை. இங்கே முறுக்கினால் அந்தத் தாயின் ஒப்பாரியைத்தான் மூழ்கடிப்போம். வண்டியில் கொடி கட்டாதே என்று நான் சொன்னதும் அதனால்தான். கொடி விதிப்படி காரில்கூட அதைப் பறக்கவிட்டுப் போகிற உரிமை சில பதவிக்காரர்களுக்கு மட்டுமே உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரே ஒரு கொடிதான் இருக்க வேண்டும், அது அவன்மேல் இருப்பது. எனக்கு அதுதான் முக்கியம்.

முதலியார்பேட்டையில் சிவப்புத் தொப்பி போட்ட டிராபிக் போலீஸ்காரர் பெட்டி கடந்து போகும்வரை சல்யூட்டை இறக்கவே இல்லை என்று சொன்னாயே, அதைக் கேட்டதும் உன் சின்ன வயது ஞாபகம். லீவில் வந்திருந்த ஒரு ஜூலை 14 அன்று உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி கடற்கரை சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்குப் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் தமிழ்ப் பெரியவர்கள் மார்பில் பதக்கங்களோடு வெயிலில் நின்றார்கள். தாத்தா எல்லாம் ஏன் பேசாம நிக்கிறாங்க என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. புதன்கிழமை நீ அவன் வாசலில் வண்டியை அணைத்துவிட்டுப் பேசாமல் நின்றதைப் பார்த்தபோது, அந்தக் கேள்விக்கு நீயே பதில் கண்டுபிடித்துவிட்டாய் என்று தோன்றியது.

ஆமாம், ஊருக்கும் வந்தேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன். தெரு முனையில் எல்லாரும் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தீர்கள். அது யார் யோசனை? பெட்டி சுடுகாட்டுக்குக் கிளம்பியபோது, பொம்பளைப் பிள்ளை தெரு முனையோடு நிற்கட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னதும் நீ நின்றுவிட்டாய். அவன் ஆயா எழுந்து வந்து, "அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தவ, முழுசா கொண்டுபோயி விட்டுட்டு வரட்டும்" என்றது. யாரும் மறுத்துப் பேசவில்லை. பறை அடித்தவர்கள் உனக்கு வழி விட்டார்கள்.

வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை குனிந்ததும், மூன்று தடவை வானத்தைப் பார்த்துச் சுட்டதும், பியூகிளும் உனக்குப் புதிது. நான் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனாலும் கடைசிச் சுரம் நின்ற பிறகு வருகிற அந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை. காவிப் பக்கம் தலைமாட்டில் இருக்கும்படி போர்த்திய கொடியை, தீ வைப்பதற்கு முன்னால் எடுத்து மடித்து அவன் அம்மா கையில் கொடுப்பதற்குக் கொண்டுபோனார்கள். 2003-ல் அப்படி ஒரு கொடியை ஒரு தாயின் கையில் கொடுத்தவன் நான். அந்தம்மா அதை வாங்கி, குழந்தையைப் போர்த்துகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

சரி, இனிமேல் ஆக வேண்டியதைச் சொல்கிறேன். கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் தேவைப்படும். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வர வேண்டாம், நீயும் இன்னும் இரண்டு பேரும் வந்தால் போதும். நான் இதுவரை இரண்டு தடவை போய்வந்தேன். அவன் பெண்டாட்டிக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. சாவு எந்த வகையில் பதிவாகிறது என்பதைப் பொறுத்துக் குடும்ப ஓய்வூதியம் மாறும். போரில் நேர்ந்த சாவு என்றால் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும், பணியின் காரணமாக என்றால் அதில் 60 சதவீதம். இது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வருகிற திங்கட்கிழமை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவளையும் மாமனாரையும் கூட்டிப்போகிறேன். ஆதார், பாங்க் பாஸ்புக், கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி இருக்கிறது, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதை நீ செய்து கொடு.

அந்தப் பையன்களில் ஒருவன், செல்போனில் படம் பிடித்தவன், நேற்று நம் வீட்டைத் தேடி வந்தான். அக்கா நம்பர் வேண்டும், அடுத்த தடவை நாங்களும் முறையாக வருகிறோம் என்றான். அடுத்த தடவை என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது, அவனுக்கும்தான், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். உட்காரவைத்து அம்மா காபி கொடுத்தாள். உன்னைக் கேட்காமல் நம்பர் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா?

ஆல்பேட்டையில் நீ என்னைக் கடந்தபோது உன் வண்டியில் செயின் லொடலொடவென்று அடித்தது. தளர்ந்திருக்கிறது. பதினாறாம் நாளுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இறுக்கிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா