எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு பயிற்சி மையம்: நன்கொடை வேண்டுகோள்

வடசென்னைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் குழு நாங்கள். காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எல்லோருக்கும் வீடு இந்தப் பக்கம்தான். பழைய வண்ணாரப்பேட்டையில், சர் தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டின் தரைத்தளத்தைப் பேசி வைத்திருக்கிறோம். அங்கே 30 குழந்தைகளுக்கான பயிற்சி மையம் தொடங்க வேண்டும். அதற்கு இன்னும் 17 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது.

பணம் கேட்பவர்கள் எதற்கு, ஏன் என்று விளக்கிவிட்டுக் கேட்பதுதான் முறை. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

ஆட்டிசம் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. பைத்தியமும் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு அது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்தது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆனது என்று பெரிய பெரிய படிப்பு படித்தவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். அது தவறு என்று உறுதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தடுப்பூசிதான் காரணம் என்று 1998இல் ஒரு கட்டுரை வந்தது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் "போனைக் கையில குடுத்தே புள்ளையக் கெடுத்துட்டா", "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்ற பேச்சுகளை எங்கள் பெண்கள் இன்றும் தெருக்குழாயடியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத விரும்புகிறோம்.

மற்றவர்களோடு பழகுவதில் இந்தக் குழந்தைகளுக்கு இருக்கும் சிரமம் மிகச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். சாதாரணமாக ஒரு வயதைத் தாண்டிய குழந்தை வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிவிட்டு, உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். 'நீயும் பாரு' என்பதுதான் அதற்கு அர்த்தம். பொருளை வாங்குவதற்காக நீட்டும் விரல் வேறு, பார்த்த சந்தோஷத்தைப் பங்கு போட்டுக்கொள்ள நீட்டும் விரல் வேறு. இந்த இரண்டாவது விரல்தான் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் வாசல். இருவரும் ஒன்றையே பார்க்கும்போதுதான் 'விமானம்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று குழந்தைக்குப் பிடிபடும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இது தானாக வருவதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குப் பிடித்த பொருளை வைத்தே பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும்.

அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதும் அப்படித்தான். 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டு பொம்மைகள், ஒரு கோலிக்குண்டு. ஒரு பொம்மை கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. மற்றது அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறது. முதல் பொம்மை திரும்பி வந்து கோலியை எங்கே தேடும்? கூடையில்தான், ஏனென்றால் மாற்றியது அதற்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்திருக்கும் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகக் கூடையைக் காட்டினார்கள். ஆகவே இது அறிவு குறைவு என்ற விஷயமே இல்லை. 'எனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்' என்ற ஒரு கணக்கு மட்டும் அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. பிற்பாடு பலர் அதையும் யோசித்து யோசித்துக் கற்றுக்கொள்கிறார்கள். நாம் யோசிக்காமல் செய்வதை அவர்கள் ஒவ்வொரு முறையும் உழைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் இது எப்படி இருக்கும் என்றால், "கடையில அண்ணாச்சி இருக்காரான்னு பாத்துட்டு வா" என்று அனுப்பினால் பார்த்துவிட்டு வந்து நின்றுவிடுவார்கள். இருக்கிறாரா இல்லையா என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நாம் சொல்லவில்லையே. "ரெண்டு நிமிஷம் இரு" என்றால் மூன்றாவது நிமிடம் அவர்களுக்குப் பதற்றம் தொடங்கிவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறதே என்று ஆட்டோ வேறு வழியில் திரும்பினால் அழுகை. அது அடம் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை மனதில் மாற்றி அடுக்கிக்கொள்வது அவர்களுக்கு அத்தனை கஷ்டம். அதே பிள்ளைகளில் ஒருவன் திருவொற்றியூரிலிருந்து புறப்படும் பேருந்துகளின் எண்ணையும் அவை போகும் ஊரையும் தலைகீழாகச் சொல்வான். 1ஆம் எண் வண்டி திருவான்மியூர் போகும் என்று எங்களுக்கே அவன்தான் சொல்லித்தருகிறான். ஒவ்வொரு துணுக்கும் அவர்கள் கண்ணில் படும். துணுக்குகளைச் சேர்த்து 'இப்போது இங்கே என்ன நடக்கிறது' என்று புரிந்துகொள்ளத்தான் உதவி வேண்டும்.

இனி, மையம் ஏன் இங்கேயே வேண்டும் என்பதற்கு வருகிறோம். எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அடையாறு பக்கம்தான் நல்ல நல்ல இடமெல்லாம் இருக்கே, மெட்ரோவும் வந்தாச்சு, கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

போகிறோம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது பெரிய உதவி. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக 2005இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்களில் பலர் அங்கே போய்ப் பலன் பெற்றவர்கள், அதை மறக்க மாட்டோம். ஆனால் எண்ணூரிலிருந்து முட்டுக்காட்டுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், ஒரு மணி நேரப் பயிற்சிக்காக ஒரு நாள் கூலி போய்விடுகிறது. விடியும் முன்பே காசிமேட்டு ஏலத்துக்குப் போய் மீன் வாங்கி விற்கும் ஓர் அம்மா, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாரத்தில் எத்தனை நாள் ஊரின் அந்தக் கோடிக்குப் போக முடியும்?

தூரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போவது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கடினம். பயிற்சி அறையில், அந்த மேஜையில், அந்த டீச்சரிடம் அழகாகத் 'தண்ணி வேணும்' என்று படஅட்டையைக் காட்டும் பிள்ளை, வீட்டுக்கு வந்தால் தொண்டை வறண்டாலும் கேட்காது. கற்றது வீணாகவில்லை, ஆனால் அந்த அறையிலேயே தங்கிவிட்டது. அதனால் பழக வேண்டிய இடத்திலேயே பழக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்கப் பழகுவது உண்மையான ரேஷன் கடையில், அண்ணாச்சியிடம் பிஸ்கட் கேட்டு மீதிச் சில்லறை வாங்குவது அதே அண்ணாச்சி கடையில், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் யாரோ இடித்து உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்வது இங்கே ஓடும் ஷேர் ஆட்டோவில். தெற்கே எவ்வளவு சிறந்த மையம் இருந்தாலும் இதைச் செய்துதர அதனால் முடியாது.

எங்கள் மையத்தில் பாதி நேரம் அறைக்குள், பாதி நேரம் தெருவில். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பல கடைக்காரர்களிடம் இப்போதே பேசிவிட்டோம். பிள்ளை வந்து நின்றால் அவசரப்படுத்தாமல் சற்றுக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவர்களைப் புரியவில்லை. இதை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம். அதனால் ஞாயிறு மாலைகளில் மையத்தை அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப் போகிறோம். கேரம் போர்டு இருக்கும், ஊஞ்சல் இருக்கும். கண்ணைப் பார்க்காமல் பேசுகிறவனும் கூட்டாளிதான், சொன்னதையே திருப்பிச் சொல்கிறவளும் பதில்தான் சொல்கிறாள் என்று சின்ன வயதிலேயே பழகிய பிள்ளைகள் பெரியவர்களானதும் கேலி செய்ய மாட்டார்கள்.

பணத்தில் ஒரு பகுதி ஓர் அமைதி அறைக்குப் போகிறது. ஆடம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரின் சத்தம் உங்களுக்குத் தெரியும்: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக் செட், சாவு ஊர்வலத்தில் மேளமும் வெடியும். அவற்றை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நாங்களும் அதில்தான் பிறந்து வளர்ந்தோம். ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சத்தம் உடம்பில் அடிபட்டது போல வலிக்கும். காதைப் பொத்திக்கொண்டு கத்தும் நேரத்தில் எந்தப் பாடமும் ஏறாது. சுவரில் சத்தம் உறிஞ்சும் பலகை, மங்கலான விளக்கு, தரையில் கனமான மெத்தை, இவை உள்ள ஓர் அறையில் பத்து இருபது நிமிடம் இருந்தால் பலர் தாமாகவே தணிந்து திரும்பி வருவார்கள்.

மையத்தில் எதெல்லாம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அடி கிடையாது, மிரட்டல் கிடையாது. "கண்ணைப் பார்" என்று முகத்தைப் பிடித்துத் திருப்புவது கிடையாது. குணமாக்கித் தருகிறோம் என்ற வாக்குறுதியும் தர மாட்டோம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்களைத் தடுத்து நிறுத்துவதையும் எங்கள் வேலையாகவே நினைக்கிறோம்.

இனி கணக்கு. வீட்டு முன்பணம் 3 லட்சம். அமைதி அறை, கழிவறை மாற்றம், ஜன்னல் கிரில், ஊஞ்சல், மெத்தைகள் எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 50 ஆயிரம். ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர், அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் ஓ.டி. (ஆக்குபேஷனல்) தெரபிஸ்ட் ஒருவர், சிறப்பாசிரியர்கள் இருவர், ஆயா ஒருவர். இவர்களுக்கு மாதச் சம்பளம் மொத்தம் 1 லட்சத்து 34 ஆயிரம். வாடகை 30 ஆயிரம், மின்சாரம் மற்ற செலவுகள் 8 ஆயிரம். ஆக முதல் ஆண்டுக்கு 28 லட்சத்து 14 ஆயிரம் ஆகிறது. பெற்றோர்கள் நாங்களே போட்டது 6 லட்சத்து 14 ஆயிரம். முடிந்த குடும்பங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து ஓராண்டில் 5 லட்சம் வரும். மிச்சம்தான் உங்களிடம் கேட்கும் 17 லட்சம்.

சம்பளம்தான் இதில் பெரிய தொகை. அதைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை. குறைந்த சம்பளத்துக்கு வருபவர் சில மாதத்தில் போய்விடுவார். புது முகம் வந்தால் எங்கள் பிள்ளைகள் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் ஒரே முறை பெரிய தொகை தருவதைப் போலவே, மாதாமாதம் சிறிய தொகை தருவதும் எங்களுக்கு முக்கியம். மாதம் 500 ரூபாய் தருபவர்கள் 100 பேர் கிடைத்தால் ஆண்டுக்கு 6 லட்சம் ஆகிவிடும். 50 ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. ஒவ்வொரு மாதக் கணக்கும் மையத்தின் வாசலில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 80ஜி வரிவிலக்குக்கான பதிவு எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை தரும் தொகைக்கு வரிச்சலுகை கோர முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பெயின்டர், கார்பென்டர், எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் இரண்டு நாள் உழைப்பைத் தந்தால் அது பெரிய தொகைக்குச் சமம். பழைய மெத்தை, மரப்பெட்டி, மடக்கு நாற்காலி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நாங்களே வண்டி கொண்டு வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம், இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத, அல்லது பேசிக்கொண்டிருந்த பேச்சை இழந்த குழந்தை இருந்தால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க எங்கள் குழுவினர் உதவுவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, நன்கொடை தந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

வீட்டு உரிமையாளர் ஆனி மாதக் கடைசிவரை எங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் முன்பணத்தையாவது கட்டிவிட வேண்டும். உங்கள் பகுதியில் குழுவின் முத்திரையிட்ட ரசீதுப் புத்தகத்தோடு வருபவரிடம் மட்டும் பணம் கொடுங்கள்; வங்கிக் கணக்கு விவரம் ரசீதின் பின்பக்கம் அச்சாகியிருக்கும். தருவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை 10 மணிக்கு மேல் வாருங்கள். எங்கள் பெற்றோர்களில் ஒருவர் அங்கே இருப்பார், பிள்ளைகளும் இருப்பார்கள்.

நன்றியுடன்,
பெற்றோர் குழு, வடசென்னை