பொம்மைய வெச்சு எடுத்தாலும் அது போர் போட்டோ தான்

வணக்கம். ஐரோப்பால போட்டோ விழா நடத்துறவங்க, மியூசியம் க்யூரேட்டர்ங்க, போட்டிக்கு ஜூரியா உக்கார்றவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்து தான் இத எழுதுறேன்.

உக்ரைன்ல வீட்ட விட்டுட்டு வந்த போட்டோகிராபர்ங்க பொம்மைய வெச்சு எடுக்கற படத்த தயவுசெஞ்சு போர் போட்டோவாவே பாருங்க. மனசு ஆறுறதுக்கு பண்றாங்க, கைவேலை பண்றாங்கன்னு சொல்லி அத பக்கத்து ரூமுக்கு தள்ளாதீங்க.

ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24க்கு அப்புறம் நாட்ட விட்டு வந்தவங்கள்ல முக்கால்வாசி பேர் பொம்பளைங்களும் குழந்தைங்களும் தான், 18ல இருந்து 60 வயசு ஆம்பளைங்கள்ல பெரும்பாலானவங்கள அப்போ பார்டர் தாண்ட விடல. அப்போ ஏதோ ஒரு ஊர்ல வாடகை ரூம்ல உக்காந்துகிட்டு தன் குடும்பத்த ஒரு ஃப்ரேம்ல கொண்டு வரணும்னா எப்படி, வீட்டுக்காரர் இல்ல, அப்பா இல்ல, வீடே இருக்கோ இல்லையோ. உள்நாட்டுலயே இடம் மாறினவங்களுக்கும் கேமராவ நினைச்ச இடத்துல தூக்க முடியாது, ராணுவம் எங்க நிக்குது எங்க நகருதுன்னு தெரியற படத்த வெளியிட்டா தண்டனைன்னு 2022 மார்ச்லயே சட்டம் போட்டுட்டாங்க. எல்லாப் பக்கமும் கதவு சாத்தின நேரத்துல தான் பொம்மை உள்ள வருது.

இதுல இருக்கற வேலை உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். பார்பி அளவு பொம்மைன்னா சுமார் 29 சென்டிமீட்டர், ஒரு அட்டப்பெட்டிய வெட்டினா அதுக்கு பதுங்குற பேஸ்மென்ட் ரெடி. ஆனா அவ்ளோ கிட்டப் போனா ஃபோகஸ் நிக்காது, கண்ணு ஷார்ப்பா இருந்தா காது மங்கிடும், பொம்மைன்னு காட்டிக்கொடுத்துடும். சரி, எல்லாம் ஷார்ப்பா வரட்டும்னு லென்ஸ் துவாரத்த (அபெர்ச்சர) எஃப் 16 வரைக்கும் சின்னதா மூடினா வெளிச்சம் பத்தாது, 2022 அக்டோபர்ல இருந்து ரஷ்யா பவர் ஸ்டேஷனா பாத்து அடிக்க ஆரம்பிச்ச பிறகு அங்க பல நேரம் கரண்டும் கிடையாது. அப்போ செல்போன் டார்ச் முன்னாடி பட்டர் பேப்பர ஒட்டி, ஷட்டர 20 செகண்ட் திறந்து வெச்சு எடுக்க வேண்டியது தான். மனுஷன் அவ்ளோ நேரம் அசையாம இருக்க மாட்டான், பொம்மை இருக்கும். கேமராவ அது கண்ணு மட்டத்துக்கு இறக்கணும், மேல இருந்து எடுத்தா அது விளையாட்டு சாமான், மட்டத்துல எடுத்தா அது ஒரு ஆள்.

அவங்க ஊர் மோதாங்காவையும் பாருங்க, பழைய துணிய சுத்தி நூலாலயே கட்டுற பொம்மை, ஊசி படவே கூடாதுன்னு வழக்கம், முகத்துல ஒண்ணும் இருக்காது இல்லன்னா நூல்ல ஒரு சிலுவை இருக்கும். முகத்தக் காட்ட முடியாதவங்கள எடுக்க இத விட வேற என்ன வேணும்.

டேவிட் லெவிந்தால் ஞாபகம் இருக்கும். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1949ல பிறந்த அமெரிக்கர், 70கள்ல பொம்மை சிப்பாய்ங்கள வெச்சு ஹிட்லரோட கிழக்குப் போர்முனைய எடுத்தார், அந்தப் போர் நடந்ததுல உக்ரைன் மண்ணும் உண்டு. அவர் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பெரிய பெரிய மியூசியங்க வாங்கி வெச்சிருக்கறதும் நியாயம் தான். தான் பாக்காத போர பொம்மையால எடுத்தவர் போட்டோகிராபர்னா, இப்போ இந்தப் போர்லயே வீட்ட இழந்துட்டு எடுக்கறவங்க யாரு?

ரஷ்யாவுக்கு கொண்டு போன குழந்தைங்க விஷயத்துல 2023 மார்ச் 17 அன்னைக்கு சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் புதின் மேலயே வாரன்ட் போட்டுச்சு. உக்ரைன் அரசு கணக்குல 19,500க்கும் மேல குழந்தைங்க. அதுல பல பேர் எங்க இருக்காங்கன்னே தெரியாது, அவங்க இப்போ இருக்கற ரூம எந்த நியூஸ் போட்டோகிராபர் போய் எடுப்பாரு? உக்ரைன்ல லிவிவ் நகர சதுக்கத்துல 2022 மார்ச் 18 அன்னைக்கு, போர்ல செத்துப்போன குழந்தைங்களுக்காக, குழந்தைய உக்கார வெச்சு தள்ளுற வண்டி 109ஐ காலியா வரிசையா நிறுத்தினாங்க. குழந்தைங்க சாமான வெச்சு போர பேசுறது அங்க ஏற்கனவே இருக்கற மொழி, இந்தப் படங்களும் அதுல தான் பேசுது.

ஐரோப்பிய யூனியன் கொடுத்திருக்கற தற்காலிகப் பாதுகாப்பு 2027 மார்ச் 4 வரைக்கும் தான் நீட்டியிருக்கு. அதுக்கப்புறம் யார் எந்த ஊர்ல இருப்பாங்களோ, இந்த பொம்மைங்களும் அட்டப்பெட்டி ரூம்களும் யார் பெட்டியில எங்க போகுமோ. அதனால பிரின்ட்ட மட்டும் கேக்காம பொம்மை, செட், கேமரால பதிவான ஒரிஜினல் ரா ஃபைல் எல்லாத்தையும் சேர்த்து வாங்குங்க, ஒழுங்கா காசு கொடுத்து வாங்குங்க. கேப்ஷன்ல எந்த ஊர், எந்த மாசம், பொம்மை போட்டிருக்கறது யாரோட சட்டைத் துணின்னு எழுத இடம் விடுங்க. இடிஞ்ச கட்டடப் படமும் ரெண்டு சேர்த்து அனுப்புன்னு கேக்காதீங்க. அடுத்த தடவ அப்ளிகேஷன் கூப்பிடறப்போ ஆவணப் புகைப்படப் பிரிவுல பொம்மைய வெச்சு எடுத்ததும் வரலாம்னு விதியிலயே ஒரு வரி சேர்த்துடுங்க.