சுவரிலிருந்து சவ்வு உரித்துத் தந்த பாட்டிக்கு

புர்கினா ஃபாசோவின் போபோ-டியுலாசோ நகரில் எங்கள் இசைக்குழுவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்,

போன வாரம் நடந்தது, இனங்களுக்கு நடுவே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது, உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுதக் கை வரவில்லை. ஆனாலும் அன்று மாலை போபோ, செனுஃபோ, மோசி, ஃபுலானி இனக் கலைஞர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் எங்கள் பாலஃபோன் பேசியது. அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அந்த ஃபுலானிப் பாட்டிக்கு. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது.

பாலஃபோனைப் பார்த்தவர்களுக்கு மேலே இருக்கும் மரக்கட்டைகள்தான் கண்ணில் படும். உயிர் இருப்பது கீழே. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் அதன் சுருதிக்கேற்ற ஒரு சுரைக்குடுக்கை. தாழ்ந்த சுருதிக்குப் பெரியது, உயர்ந்ததற்குச் சிறியது. குடுக்கையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை, அதை மூடி ஒரு சவ்வு. சிலந்தி தன் முட்டைகளின் மேல் நெய்து மூடும் வெள்ளைப் படலம்தான் அந்தச் சவ்வு. கட்டையைத் தட்டியதும் குடுக்கைக்குள் காற்று அதிர, சவ்வும் சேர்ந்து இரையும். தம்பூராவில் தந்திக்கடியில் நூலைச் செருகி ஜீவாளி பிடிப்பார்களே, அதே வேலை. எங்களுடையதில் 19 குடுக்கைகள். 11-இல் சவ்வு போய்விட்டது. பிளாஸ்டிக் பையை வெட்டி ஒட்டிப் பார்த்தோம். காய்ந்த சருகை மிதித்ததுபோல் வறட்டுச் சத்தம்தான் வந்தது.

பாட்டி எதுவும் கேட்கவில்லை. மெல்லிய கத்தியோடு தன் மண்வீட்டின் பின்சுவருக்குப் போனார். குஞ்சுகள் வெளியேறிவிட்ட பழைய கூடுகளை மட்டும் எடுத்தார். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியும் என்பதால், சுற்றிலும் விளிம்பைக் கிளப்பிவிட்டுக் கடைசியில்தான் நடுவை விடுவித்தார். தூசியை வாயால் ஊதினார். தண்ணீர் படவிடவில்லை, பட்டால் சுருங்கிவிடும். இருபது சவ்வுகள். துளையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, விளிம்பில் மட்டும் பிசின் தடவி ஒட்டினோம். இறுக்கி ஒட்டினால் இரையாது, தொய்ந்தால் ஒலியை விழுங்கிவிடும். சரியா என்று பார்க்க, குடுக்கையின் வாயருகே அந்தக் கட்டையின் சுருதியில் 'ஊ' என்று பாடினால் போதும். சரியாக இருந்தால் சவ்வு உடனே பதில் சொல்லும். விரிசல் விட்ட குடுக்கை மட்டும் சொல்லாது, காற்று கசிகிறதே. அவற்றின் விரிசலை முதலில் தேன்மெழுகால் அடைத்தோம்.

வேலை முடியும்வரை பாட்டி எங்கள் போபோ வாசிப்பாளரைத் திட்டிக்கொண்டே இருந்தார்: "என் அடிமைப் பயலே, ஒரு சிலந்திகூட உன் வீட்டில் தங்காதா?" அவரும் விடவில்லை, மாட்டுத் திருடி என்றார். போபோவுக்கும் ஃபுலானிக்கும் இது தலைமுறை தலைமுறையாக வரும் கேலி உறவு. டியுலா மொழியில் சினன்குன்யா என்பார்கள். என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, கேட்ட உதவியை மறுக்கக் கூடாது. சந்தேகம் ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் இந்த நாட்களில் அந்தத் திட்டு காதில் தேனாக விழுந்தது.

சுருதிச் சிக்கலில் புத்தி சொன்ன செனுஃபோ பெரியவருக்கும் நன்றி. அவருடைய பாலஃபோன் ஐந்து சுர வரிசை. மாண்டே மொழிகள் பேசும் மக்களின் மரபில் ஏழு சுரம், இடைவெளிகள் ஏறக்குறைய சமம். இரண்டையும் சேர்த்து அடித்தால் உரசும். கட்டையின் அடிவயிற்றை இழைத்தால் சுருதி இறங்கும், நுனிகளை இழைத்தால் ஏறும். ஆனால் இழைத்த மரம் திரும்ப வராது. ஒற்றுமை என்ற பெயரில் எங்களில் சிலர் உளியைத் தேடினோம். அவர் தடுத்தார். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லட்டும், நடுவில் கையால் தட்டும் ஜெம்பே முழவு தாளத்தைத் தாங்கட்டும் என்றார். அப்படியே செய்தோம். செனுஃபோ பாலஃபோன் மரபு யுனெஸ்கோ பட்டியலில் மாலி, புர்கினா ஃபாசோ, கோட் டிவார் என மூன்று நாடுகளின் பெயரில் இருக்கிறது. எல்லைக்கோட்டை அந்த வாத்தியம் மதித்ததே இல்லை.

இரவோடு இரவாக மரச்சட்டகம் கட்டித் தந்த தச்சர், ஜெம்பேக்கு ஆட்டுத்தோல் தந்த கசாப்புக்காரர், அது ஈரமாக இருக்கும்போதே கயிற்றை முழுக்க இறுக்கவிடாமல் எங்களைத் தடுத்தவர், சாமான் ஏற்றிய ஓட்டுநர், கடலைக் குழம்பும் சோறும் அனுப்பிய வீடுகள்: எல்லோருக்கும் கைகூப்பு.

இனி எங்கள் குழு எங்கே போனாலும் சவ்வுப் பெட்டி கூடவே வரும். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பிள்ளைகளுக்காவது அதை உரிக்கவும் ஒட்டவும் கற்றுக்கொடுப்போம், ஒருவர் ஊர்க்காரர், ஒருவர் இடம்பெயர்ந்து வந்தவர்.

பாட்டி, பெட்டியில் இன்னும் ஒன்பது இருக்கின்றன. அவை தீர்ந்ததும் வருவோம். அதுவரை பின்சுவரைப் பெருக்கிவிடாதீர்கள்.