0.6-ஐயும் கற்றுக்கொடுங்கள்: சிறு ஜெட் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் சிறு வணிக ஜெட் விமானங்களுக்கு டைப் ரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிக்கான பயிற்சி தரும் பள்ளிகளுக்கும், அங்கே சிமுலேட்டரில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் தரையிறங்கக் கற்றுக்கொள்பவர் முதலில் மனப்பாடம் செய்வது ஓர் எண்ணை: வீ-ரெஃப், அதாவது இறங்க வரும்போது பிடிக்க வேண்டிய வேகம். எடையைப் பார், அட்டவணையில் வேகத்தை எடு, வேகமானியில் குறியை வை, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கு. தேர்வாளரும் அதைத்தான் கவனிக்கிறார். வேகம் 5 நாட் கூடினாலும் குறைந்தாலும் அவர் பேனா எழுதத் தொடங்கிவிடும். அதே பேனலில் ஆங்கிள் ஆஃப் அட்டாக், அதாவது தாக்குகோணம் காட்டும் கருவியும் இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்லைடு, இரண்டு வாக்கியம், அப்புறம் அடுத்த தலைப்பு.

அந்தக் கருவிக்காகத்தான் இந்த மடல். இறுதி அணுகலில் வேகமானியோடு அதையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஊட்டுங்கள் என்று கேட்கிறேன்.

இறக்கை ஸ்டால் ஆவது, அதாவது தூக்குவிசையை இழப்பது, கோணத்தால். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம் எல்லை மீறும்போது. எந்த வேகத்திலும் அது நடக்கலாம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வீ-ரெஃப் சரியாக வர எத்தனை விஷயம் சரியாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். எடை சரியாக இருக்க வேண்டும், ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு, நாம் நினைத்த இடத்தில் இருக்க வேண்டும், வேகமானி பொய் சொல்லக்கூடாது, விமானம் சாயாமல் வளையாமல் வர வேண்டும். தாக்குகோணக் கருவியின் முள்ளுக்கு எடையைப் பற்றிக் கவலையே இல்லை. செஸ்னாவின் பழைய சைட்டேஷன் ஜெட்களில் அது 0-விலிருந்து 1 வரை போகும். 1 என்றால் ஸ்டால், 0.6 என்றால் ஸ்டால் வேகத்தைப் போல் 1.3 மடங்கு, அதாவது வீ-ரெஃப். விமானம் கனமோ லேசோ, அதே 0.6 தான்.

எடையில் தவறுவது எவ்வளவு எளிது என்று ஒரு கணக்கு. 12,000 பவுண்டில் 110 நாட் வீ-ரெஃப் வேண்டிய ஒரு ஜெட்டுக்கு, 10,000 பவுண்டில் சுமார் 100 போதும். அவசரத்தில் 10,000-க்கான எண்ணை எடுத்துவிட்டார் விமானி, உண்மையான எடை 12,000 என்று வையுங்கள். வேகமானி குறியிலேயே நிற்கும், எல்லாம் அழகாகத் தெரியும். ஸ்டால் வேகத்துக்கு மேலே உள்ள கையிருப்போ 1.3 மடங்கிலிருந்து 1.18 ஆகிவிட்டது. முள் மட்டும் 0.7-ஐத் தாண்டி நின்று, ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு அது தெரியாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதுதான் இன்னும் அதிகம் என்பது என் எண்ணம். பயத்துக்கு ஒரு 5, காற்றுக்கு ஒரு 5, பழக்கத்துக்கு ஒரு 5 என்று கூட்டி, 105-இல் வர வேண்டியவர் 120-இல் வருகிறார். இயக்க ஆற்றல் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. நனைந்த, குட்டையான ஓடுபாதையில் அந்த 30 சதவீதம் எங்கே போய் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். முள் 0.6-க்குக் கீழே கிடப்பதைக் கண்டு, 'தேவைக்கு மேல் வேகமாக வருகிறேன்' என்று ஒருவர் உணர்ந்தால் போதும், அந்தக் கூட்டல் தானாகக் குறையும்.

எனக்கு மிகவும் கவலை தருவது திருப்பம். வீ-ரெஃபில் உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்தால் முள் ஏறக்குறைய 0.68-க்கு வரும். 45 டிகிரி சாய்ந்தால் 0.84, சைட்டேஷன் காட்டியில் அது சிவப்புப் பகுதி. வேகமானியோ இரண்டு தடவையும் அதே எண்ணைத்தான் காட்டும். ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டோமே என்ற பதற்றத்தில் சாய்வைக் கூட்டி, மூக்கையும் சேர்த்து இழுக்கும் அந்தச் சில நொடிகளில் உதவக்கூடிய எண் எது?

2017 மே 15 அன்று நியூ ஜெர்சியின் டீட்டர்போரோவில் நடந்தது இதுதான். லியர்ஜெட் 35ஏ என்ற சிறு வணிக ஜெட் ஒன்று, 6-ஆம் ஓடுபாதைக்கான கருவி அணுகலில் வந்து 1-ஆம் ஓடுபாதைக்குச் சுற்றித் திரும்ப வேண்டும். திருப்பத்தை மிகத் தாமதமாகத் தொடங்கினார்கள். தாழ்வான உயரத்தில் விமானம் ஸ்டால் ஆனது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். நிலைப்படாத அணுகலைக் கைவிட்டு மேலேறாமல் எப்படியாவது சரிக்கட்டப் பார்த்ததே காரணம் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். ஒரு முள் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வெகு முன்பே அங்கே பல விஷயங்கள் தவறிப்போயிருந்தன. ஆனால் இப்படிப்பட்ட திருப்பத்தை சிமுலேட்டரில் பழக்கும்போது முள்ளை எடுத்துச் சொல்லாமல் விடுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

கடற்படை விமானிகள் கப்பல் தளத்தில் இறங்கும்போது பல பத்தாண்டுகளாகத் தாக்குகோணத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். மீந்திருக்கும் எரிபொருளும் ஆயுதமும் ஒவ்வொரு முறையும் மாறும்; அவர்களுக்கு எடைக் கணக்கை நம்பி உட்கார முடியாது. தாக்குகோணம் கூடியதா குறைந்ததா என்று கண்ணெதிரே எரிந்து காட்டும் இண்டெக்ஸர் விளக்கு சைட்டேஷன்களுக்கும் வந்து சேர்ந்தது. சைட்டேஷன் முதன்முதலில் பறந்தது 1969-இல். 2014-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. விதியைத் தளர்த்திய பிறகு, சின்ன பிஸ்டன் விமானம் வைத்திருப்பவர்கள் சொந்தக் காசில் இந்தக் காட்டியை வாங்கி மாட்டுகிறார்கள். ஜெட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான்.

சரி, முள்ளும் பொய் சொல்லும். அதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2014 டிசம்பர் 8 அன்று மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்கில் ஃபீனம் 100 என்ற சிறு ஜெட் ஒன்று ஓடுபாதைக்குச் சற்று முன்னால் ஸ்டால் ஆகி வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும், ஒரு வீட்டில் இருந்த தாயும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இறந்தார்கள். இறக்கையில் பனி படிந்திருந்தது. பனி நீக்கியை விமானி போடவில்லை, பனிக்கு உரிய கூடுதல் வேகத்திலும் வரவில்லை. பனி படிந்த இறக்கை வழக்கத்தைவிடக் குறைந்த கோணத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். அந்த விமானத்தின் ஸ்டால் எச்சரிக்கை முன்கூட்டியே ஒலிக்க வேண்டுமானால் பனி நீக்கி இயங்க வேண்டும். ஆகவே பனியில் 0.6 என்பதை அப்படியே நம்பி இறங்கக்கூடாது. அந்தந்த விமானத்தின் கையேடு சொல்வதே அங்கே முதல் வார்த்தை.

உணரியே பழுதானால் என்ன ஆகும் என்பதை 2018, 2019-இல் நடந்த இரண்டு 737 மேக்ஸ் விபத்துகளுக்குப் பிறகு உலகமே அறியும். அங்கே ஒரே உணரியை நம்பி மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளியது. இங்கே நான் கேட்பது மனிதக் கண் பார்க்கும் இரண்டாவது சாட்சி. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒற்றைச் சாட்சியை நம்பாதே என்ற பாடம் முள்ளுக்கும் பொருந்தும், வேகமானிக்கும் பொருந்தும்.

'மாணவர்கள் முள்ளைத் துரத்துவார்கள்' என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. உண்மைதான், அலைக்கழிக்கும் காற்றில் முள் ஆடும். ஓடுபாதையை நெருங்கி மூக்கைத் தூக்கும்போது அதைப் பார்ப்பதில் பயனில்லை; அப்போது கண் வெளியேதான் இருக்க வேண்டும். ஆனால் வேகமானியையும்தான் ஆரம்பத்தில் எல்லோரும் துரத்தினோம். துரத்தாமல் பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? நீங்கள்தானே.

நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. ஃபிளாப்பும் சக்கரமும் இறங்கி, விமானம் நேராக நிலைப்பட்டதும் 'வீ-ரெஃப், முள் 0.6' என்று இரண்டையும் சேர்த்து உரக்கச் சொல்ல வையுங்கள். சிமுலேட்டரில் மாணவரிடம் சொல்லாமல் எடையை 2,000 பவுண்டு கூட்டிவிட்டு, அவர் எப்போது கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். முள்ளும் வேகமும் ஒத்துவராவிட்டால் கோ-அரவுண்ட் செய், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலேறு, மேலே போய் நிதானமாகக் காரணம் தேடு என்று பழக்குங்கள். டீட்டர்போரோ போன்ற சுற்றுத் திருப்பம் ஒன்றைப் பலத்த காற்றோடு வைத்து, முள் சிவப்பை நோக்கிப் போவதை ஒரு தடவையாவது அவர் கண்ணால் பார்க்க விடுங்கள். முள் இல்லாத, வேகப் பட்டையில் பச்சை வட்டம் மட்டும் காட்டும் புதிய சைட்டேஷன்களில், அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது என்றாவது சொல்லுங்கள். அது வெறும் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டே சான்றிதழோடு வெளியே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தை நீங்கள் திருத்தும்போது இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? முடியாது என்றால், ஏன் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
சைட்டேஷனின் வலது இருக்கையில் பறக்கும் ஒரு தமிழர்