கரு கலைந்தவருக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகப்பேறு நிதியுதவி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பிக்மி எண்ணை வாங்குவதில் தொடங்கி, கடைசித் தவணை வங்கிக் கணக்கில் ஏறும் வரை விவரமாக எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால், பாதியிலேயே கரு கலைந்துபோனவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில் வருகைப் பதிவும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) வேலையும் பார்க்கிறேன். இந்த விஷயம் தெரியாமல் பெண்கள் பணத்தை இழப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் எழுதுகிறேன்.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் சொல்லியிருந்தபடி, கரு தானாகக் கலைந்தாலும் சரி, சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொண்டாலும் சரி, அதற்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அப்புறமும் உடம்பு தேறவில்லையென்றால், மருத்துவச் சான்று காட்டி இன்னும் ஒரு மாதம் வரை எடுக்கலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த ஆறு வாரம் குறையவில்லை. விஷயம் தெரிந்தும் அந்த ஆறு வாரத்துக்குள் கரு கலைந்தவரை வேலைக்கு வைப்பதே சட்டப்படி தவறு. 'ஷிப்மென்ட் இருக்கு, நாலு நாள்ல வந்துடும்மா' என்று சூப்பர்வைசர் போன் செய்வது சகஜமாக நடக்கிறது. அவருக்கு இது தெரியாது. போனை எடுக்கும் பெண்ணுக்கும் தெரியாது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இந்தப் பணத்தைக் கம்பெனி தரவேண்டியதில்லை, ஈ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) சேர்த்து 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். நாள் கூலி 500 ரூபாய் என்றால் 42 நாளுக்கு 21,000 ரூபாய்.

இதை விட்டுவிட்டு எங்கள் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'கடும் காய்ச்சல்' என்று லீவு லெட்டர் கொடுக்கிறார்கள். போன வருடம் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவர் அப்படி ஒரு லெட்டரோடு வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஓரம் தெரிந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்ட பிறகுதான், 'டி அண்ட் சி பண்ணிட்டாங்க மேடம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்றார். கரு கலைந்த பின் கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சை அது. காய்ச்சல் என்றே விட்டிருந்தால் ஈ.எஸ்.ஐ.யில் அது நோய்க்கால உதவியாகத்தான் கணக்காகும். அதில் கிடைப்பது கூலியில் 70 சதவீதம். முதல் இரண்டு நாளுக்கு அதுவும் இல்லை. கரு கலைந்ததாகப் பதிந்தால் முழுக்கூலி. பலர் அந்த 70 சதவீதத்தைக்கூடக் கேட்பதில்லை. ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லீவு லெட்டர் முதலில் லைன் லீடர் கைக்குப் போகிறது, பிறகு சூப்பர்வைசர், பிறகு மேனேஜர். மூவரும் ஆண்கள். மதியச் சாப்பாட்டுக்குள் தளம் முழுவதும் பேச்சு பரவிவிடும். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத் தரித்த கரு என்றால், ஊரில் மாமியாருக்கு யார் பதில் சொல்வது? இப்படியிருக்க, உரிமையைக் கேட்டு வாங்குங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

துணிந்து கேட்கிறவரும் காகிதத்தில் மாட்டிக்கொள்கிறார். அந்தக் கணவர் கொண்டுவந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் சிகிச்சையின் பெயர் இருந்தது, மாத்திரைகள் இருந்தன, பில் தொகைகூட இருந்தது. எத்தனையாவது வாரம் என்பது மட்டும் இல்லை. கரு கலைந்த தேதி எது, சிகிச்சை செய்த தேதி எது என்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது ஒரு தனியார் மருத்துவமனை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, 'டாக்டரம்மா அடுத்த வாரம்தான் வருவாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாரக் கணக்கு சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. சட்டப்படி 26-ஆவது வாரம் முடியும் வரை நடந்தால்தான் அது கருச்சிதைவு, ஆறு வார விடுப்பு. அதைத் தாண்டிக் குழந்தை இறந்து பிறந்தால் அது பிரசவம். 'குழந்தை' என்பதில் இறந்து பிறந்த குழந்தையும் சேரும் என்று 1961 சட்டத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது. அப்படியானால், உயிரோடு இரண்டு குழந்தைகள் இல்லாத பெண்ணுக்கு முழு 26 வார விடுப்பு கிடைக்க வேண்டும். ஏழாம் மாதக் கடைசியில் குழந்தையைப் பறிகொடுத்தவரிடம், 'குழந்தைதான் இல்லையே, உங்களுக்கெதற்கு ஆறு மாதம்' என்று கேட்ட நிர்வாகங்கள் உண்டு. அந்த இடத்தில் '28 வாரம்' என்று மருத்துவர் எழுதிய ஒரு குறிப்பு இருந்தால், மேற்கொண்டு வாதாடவே வேண்டாம்.

நிதியுதவித் திட்டங்களுக்கு வருகிறேன். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். இவையெல்லாம் கர்ப்பத்தைப் பதிவது, பிரசவம், தடுப்பூசி என்று படிப்படியாக வருகிற பணம். நடுவில் கரு கலைந்தால் அடுத்த தவணைக்கு வழியில்லை. முன்பு மத்திய திட்டத்தில், முதல் தவணை வாங்கிய பிறகு கரு கலைந்தால், அடுத்த கர்ப்பத்தில் மிச்சத் தவணைகள் மட்டும்தான் என்று இருந்தது. 2022-இல் திருத்திய விதிகளில், அடுத்த கர்ப்பத்தில் அவரைப் புதிய பயனாளியாகவே சேர்க்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். பழைய விதியைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் நம்பிவிட வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருப்பவருக்குக் கருச்சிதைவுக்கென்றே 3,000 ரூபாய் உதவி உண்டு. சித்தாள் வேலைக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரசிடம் நான் கேட்பது புதுத் திட்டம் அல்ல. கரு கலைந்து வருகிற ஒவ்வொருவருக்கும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதியும் வாரமும் குறித்த தனிச் சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் என்ற வித்தியாசம் கூடாது. கம்பெனிகளிலும் இந்த விடுப்பு விண்ணப்பம் லைன் லீடரைச் சுற்றிக்கொண்டு வராமல், நேரே சம்பளப் பிரிவில் ஒரு பெண் ஊழியரிடம் வந்து சேர வேண்டும்.

இதற்கெல்லாம் காலம் ஆகலாம். அதுவரை உங்கள் வாசகிகளுக்கு இதையாவது போடுங்கள்: ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் தேதியையும் வாரத்தையும் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்து வாங்கிவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்த்துச் சான்று கேளுங்கள். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.