லேத்தை விற்காதீர்கள் அண்ணா

ஸ்காபரோ, கனடா
9.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். தொலைபேசியில் என்றால் "சரி, பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி வாசிப்பார், நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

போனமுறை கதைத்தபோது, உங்கள் பட்டறையில் இரும்பு கடையும் லேத்துக்கு ஒருவர் நல்ல விலை சொல்கிறார், வயலில் அரை ஏக்கரையும் சேர்த்து விற்றால் மூத்தவனைக் கனடாவுக்கு அனுப்ப முகவரிடம் கொடுக்கலாம் என்றீர்கள். அன்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. அன்று காலைதான் எங்கள் பட்டறை வருகிற பங்குனியோடு மூடப்படுகிறது என்று எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்ல வேண்டாம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. காரின் கதவு, கூரை, அடித்தட்டு எல்லாம் உருக்குத் தகட்டை அழுத்தி வளைத்து எடுப்பவை. அழுத்துவதற்கு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. இங்கே டை என்பார்கள். அதைச் செய்வதும் திருத்துவதும்தான் என் தொழில். தகட்டை வெட்டும் இடத்தில் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே, தகட்டின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் வராத இடைவெளி விட வேண்டும். கூடினால் விளிம்பில் பிசிறு, குறைந்தால் அச்சு உடையும். கடைசிப் பொருத்தத்துக்கு நீல மையைப் பூசி இரண்டையும் மூடித் திறந்து பார்ப்போம். மை ஒட்டிய மேட்டைக் கல்லால் தேய்ப்போம். மறுபடி மை, மறுபடி கல். சில அச்சுக்கு இது இரண்டு கிழமை எடுக்கும். கணினி இயந்திரம் எவ்வளவோ துல்லியமாக வெட்டித் தந்தாலும் அந்த இரண்டு கிழமையை மனிதக் கைதான் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு 8,000 மணித்தியாலம் பயிலுநராக வேலை செய்ய வேண்டும். எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு முதிய இத்தாலியர். தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரம் அடிக்கும் ஓசையைக் கேட்டே எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். அப்போதெல்லாம் எனக்கு ஐயாவின் நினைவு வரும்.

இந்தத் தொழில் எப்படிப் போனது தெரியுமா, அண்ணா? ஒரே நாளில் போகவில்லை. முதலில் புதிய அச்சு செய்யும் வேலை கடல் கடந்து போனது, விலை மலிவு என்று. அங்கே செய்தது கப்பலில் வந்து பொருந்தாமல் போனால் திருத்த எங்களிடம் வரும். நாங்கள் அதைக் கொஞ்சம் பெருமையாகக்கூட எண்ணிக்கொண்டோம். பிறகு அவர்களும் கற்றுக்கொண்டார்கள், திருத்தும் வேலையும் குறைந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கற்றவன் கையில் தொழில் நிற்கும். எனக்கு ஆறாதது வேறொன்று. 2008க்குப் பிறகு எங்கள் பட்டறை ஒரு பயிலுநரைக்கூடச் சேர்க்கவில்லை. எங்களுக்குள் வயதில் குறைந்தவருக்கே இன்று 47. மூடுகிறோம் என்று இப்போதுதான் சொன்னார்கள், ஆனால் மூடத் தொடங்கியது அந்த ஆண்டில். அப்போது யாரும், நானும்தான், வாய் திறக்கவில்லை.

நாடு முழுவதும் இதே கதைதான். 2004 அளவில் கனடாவில் உற்பத்தித் தொழிலில் ஏறத்தாழ 23 இலட்சம் பேர் இருந்தார்கள், பத்தாண்டுக்குள் அது 17 இலட்சம் அளவுக்கு இறங்கியது. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது ஒரு காரணம். கனடிய டொலர் ஏறி ஏறி 2007இல் அமெரிக்க டொலருக்குச் சமமாக வந்தது இன்னொன்று, இங்கே செய்த பொருள் வெளியே விலை கூடிவிட்டது. ரோபோக்கள் எடுத்துக்கொண்டதும் கணிசம். இப்போது அமெரிக்காவின் வரி. போன மாதம் பிரம்டன் நகரில் செய்வதாக இருந்த ஜீப் காரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிரம்டனில் வேலையில்லாமல் காத்திருப்போர் 3,000 பேரளவில்.

ஸ்காபரோவில் 'தங்க மைல்' என்று ஒரு பகுதி உண்டு. பெரிய தொழிற்சாலைகள் வரிசையாக இருந்த இடம். ஜெனரல் மோட்டர்ஸ் அங்கே வான்கள் செய்தது, 1993இல் மூடியது. இன்று அதே நிலத்தில் கடைத்தொகுதியும் திரையரங்கும். நான் 1998இல் வந்த புதிதில் குளிர்ச்சட்டை வாங்கியதும் அங்கேதான். எதன்மேல் நிற்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது ஐயாவுக்காக. பரந்தனில் புகையிரதக் கடவையில் எங்களை நிறுத்தி, எஞ்சினில் எழுதியிருந்த 'அல்பேர்ட்டா' என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவாரே, நினைவிருக்கிறதா? ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் பூண்ட அந்த எஞ்சின்கள் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் 1954 அளவில் கனடா கொடுத்தவை. அவற்றைக் கட்டிய தொழிற்சாலை எனக்கு இரண்டு மணித்தியால ஓட்டத்தில், இந்த மாகாணத்து லண்டன் நகரில் இருந்தது. 2012 ஜனவரி முதலாம் திகதி அங்கே கதவடைப்புச் செய்தார்கள். சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கச் சம்மதியுங்கள் என்றார்கள். தொழிலாளர் சம்மதிக்கவில்லை. பெப்ரவரி தொடக்கத்தில் மூடிவிட்டு வேலையை அமெரிக்காவின் இந்தியானாவுக்குக் கொண்டுபோனார்கள். 450 பேருக்கு மேல் வெளியே. அந்த எஞ்சின்களில் சில எழுபது ஆண்டு கழித்தும் இலங்கையில் ஓடுகின்றன, இரத்மலானைப் புகையிரதப் பட்டறைக்காரர் அவற்றைச் சாக விடவில்லை. செய்தவர்களின் தொழில் முடிந்துவிட்டது, பேணத் தெரிந்தவர்களின் தொழில் இன்னும் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நான் கிழமைக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா வேலை செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் நினைக்கிறேன். ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுத்த இடம். சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் குடிநீருக்கும் நாட்டுக்கே அது வேண்டியிருந்தது. போர் அதை இரும்புத் துண்டாக்கியது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக நின்றன. எங்களுடையதைக் குண்டு மூடியது, இங்கே ஒரு காகிதம் மூடுகிறது. வெளியே நிற்கும் பிற்றரின், இயந்திரம் பொருத்துபவரின், கைகள் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் சும்மா இருக்கின்றன.

போரின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் நீங்கள் செய்ததை நான் இங்கே யாருக்குச் சொன்னாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மின்சாரம் இல்லை. லாண்ட்மாஸ்ரர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு லேத்தை ஓட்டினீர்கள். பெற்றோலைத் துளித்துளியாகக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்குத் தேய்ந்த பாகத்தையெல்லாம் புதிதாகக் கடைந்து கொடுத்தீர்கள். தண்ணீர்ப் பம்புகளுக்கு புஷ் செய்ய, உடைந்த இயந்திரத்து வெண்கலத்தை உருக்கி வார்த்தீர்கள். அளவுகோல் சரியில்லாமல் விரல் நகத்தால் தடவிப் பார்ப்பீர்கள். எனக்கு இந்த நாட்டில் வேலை தந்தது உங்கள் அந்தப் பட்டறைதான். நேர்முகத்தில் ஆங்கிலம் வரவில்லை, ஓர் உருக்குத் துண்டைத் தந்து சதுரமாக அராவச் சொன்னார்கள். அராவினேன்.

2008 இறுதியில் போரால் இடம்பெயர்ந்தபோது லேத்தை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றித் தருமபுரம் வரை கொண்டுபோய், பிறகு கைவிட்டுப் போனீர்கள். 2010இல் திரும்பி வந்தபோது பற்றைக்குள் அடித்தளம் மட்டும் கிடந்தது என்று எழுதினீர்கள். பல்சக்கரங்களுக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் எத்தனை நாள் அலைந்தீர்கள்! அப்படி உயிர்கொடுத்த லேத்தையா இன்று இரும்பு விலைக்குச் சற்று மேலே ஒருவர் சொன்னார் என்று கொடுக்கப் போகிறீர்கள்?

மூத்தவன் வரவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் வந்தவன்தான், என் காசில்தான் வீட்டுக்குக் கூரை போட்டீர்கள். ஆனால் முகவர்களின் வழி வேண்டாம். 2022 கார்த்திகையில் கனடா என்று புறப்பட்ட 303 பேர் வியட்நாமில் போய் இறங்கியதை நீங்களும் பத்திரிகையில் பார்த்தீர்கள். வந்து சேர்ந்தாலும், கையில் தொழில் இல்லாதவனுக்கு இங்கே களஞ்சிய வேலைதான், மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 17.60 டொலர். ஸ்காபரோவில் அடித்தளத்து அறை வாடகை கொடுத்த பிறகு அதில் என்ன மிஞ்சும்? 53 வயதில் நானே அந்த வரிசையில் நிற்க நேரலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, உங்களுக்குப் பஸ்ஸில் போகும் தூரம். இயந்திரத் தொழில்நுட்பத்துக்கு அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பகலில் அங்கே, மாலையில் உங்கள் பட்டறையில். அவனது செலவுக்கு மாதாமாதம் நான் அனுப்புகிறேன், வேலை போனாலும் இரண்டு ஆண்டுக்குச் சேமிப்பு இருக்கிறது. இதை நான் என் மனைவியிடமும் கேட்டுவிட்டேன், அவளுக்குச் சம்மதம்.

பட்டறைச் சாமான்களை வேலை செய்தவர்களுக்கே குறைந்த விலைக்குத் தருகிறார்கள். லேத்தில் வேலைத்துண்டை இறுகப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் ஒன்றும் மைக்ரோமீட்டர் மூன்றும் வாங்கிவைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும் ஒருவர் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். சக் உங்கள் லேத்துக்குப் பொருந்துமா என்று தெரிய வேண்டும், பொருந்தாவிட்டால் இடையில் பூட்டும் தட்டை நானே இங்கே கடைந்து அனுப்புவேன். இயந்திரங்களை ஏற்ற லொறி வருவதற்குள் அது ஆக வேண்டும். ஆகவே சக் பூட்டும் மூக்கின் விட்டத்தையும் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதையும் உடனே எழுதுங்கள். மூத்தவனையே அளக்க விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

அன்புடன்,
தம்பி