கரையோரச் சண்டைக்குப் பழகும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

கரையை நோக்கிச் சுடும் பயிற்சிக்குக் கப்பல் கிளம்புகிறது, உன்னை டேமேஜ் கன்ட்ரோல் பார்ட்டியில், அதாவது தீயையும் உள்ளே புகும் நீரையும் அடக்கும் குழுவில், போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பீரங்கிப் பக்கம் இடம் கிடைக்கவில்லையே என்ற குறை எழுத்தில் தெரிந்தது. அம்மாடி, அடி விழுந்த பிறகு கப்பல் உங்கள் ஆட்கள் கையில்தான் இருக்கிறது.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து தீவுப் போரைப் பார். ஜூன் 12 அன்று பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் 'கிளமோர்கன்', கரையில் முன்னேறிய படைக்காக இரவில் 4.5 அங்குலப் பீரங்கியால் சுட்டுவிட்டு விலகிக்கொண்டிருந்தது. கரையில் ட்ரெய்லரில் அர்ஜென்டினாக்காரர்கள் வைத்திருந்த, கப்பலைத் தாக்கும் எக்ஸோசெட் ஏவுகணை துரத்தி வந்தது. கப்பலைச் சட்டென்று திருப்பிப் பின்புறத்தைக் காட்டியதால் விலாவில் படாமல் ஹெலிகாப்டர் கூடத்தின் அருகே பட்டது. ஹெலிகாப்டர் எரிபொருள் தீப்பிடித்தது. அடியில் இருந்த சமையலறையும் சிதைந்தது. 14 பேர் இறந்தார்கள். ஆனாலும் தீயை அடக்கித் தன் இன்ஜினிலேயே நகர்ந்தது கப்பல்.

அதற்கு முன், மே 4 அன்று அடிபட்ட இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் 'ஷெஃபீல்ட்' பிழைக்கவில்லை. தீயணைக்கும் நீரைக் கப்பல் முழுக்கக் கொண்டுபோகும் ஃபயர் மெயின் குழாய் உடைந்து அழுத்தமே இல்லை. வாளியில் கடல்நீர் மொண்டு ஊற்றினார்கள். 20 உயிர் போனது. மே 10 அன்று இழுத்துவரும் வழியில் மூழ்கியது. அதனால் உன் பகுதியில் ஃபயர் மெயினைத் துண்டிக்கும் வால்வு ஒவ்வொன்றும் எங்கே என்று இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கப் பழகு. உடைந்த துண்டை இருபுறமும் அடைத்தால்தான் மிச்சக் குழாயில் அழுத்தம் நிற்கும்.

தீயுள்ள அறைக்கு ஆறு பக்கம். மேல்தளத்தையும் அடித்தளத்தையும் மறந்துவிட்டு நான்கு சுவரை மட்டும் குளிர வைப்பவர்கள் அதிகம்; இரும்பு வழியே சூடு ஏறி அடுத்த அறை பற்றும். ஊற்றும் நீருக்கும் கணக்கு வை. நிமிடத்துக்கு 500 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரத்தில் 60 டன். அது மேல்தளங்களில் தேங்கி, கப்பல் சாயும் பக்கமெல்லாம் சேர்ந்து ஓடினால் சாய்வு கூடிக்கொண்டே போகும். அணைக்கும்போதே பம்ப் வைத்து இறைக்க ஆள் நிற்கட்டும்.

நீர் புகாத கதவு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மூடும்போது, கதவை இறுக்கும் கிளிப்புகளில் கீலுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளதை முதலில் லேசாகப் போட்டு, பிறகு மற்றவற்றைச் சமமாக இறுக்கு. திறக்கும்போது கீல் பக்கத்திலிருந்து தளர்த்து. இல்லையென்றால் கதவுக்கு அப்பால் உள்ள அழுத்தம் அதை உன்மேல் எறியும். அதற்கும் முன் புறங்கையால் சூடு பார். கதவின் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட்டில் பெயின்ட் பட்டால் அது இறுகிக் கசியும், ஆய்வுக்கு அழகாகத் தெரியவேண்டும் என்று யாராவது பூசினால் விடாதே. கதவு பதியும் விளிம்பில் சாக்பீஸ் தடவி மூடித் திற. கேஸ்கெட்டில் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் வரும்.

ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாறினால் தூக்கம் துண்டுதுண்டாகும். கிடைத்த நேரத்தில் சாப்பிடு, படு. வெடிப்பின் தீப்பிழம்பிலிருந்து காக்கும் ஆன்டி ஃப்ளாஷ் முகமூடியும் கையுறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஃபாக்லாந்தில் பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டித் தீக்காயத்தை மோசமாக்கியது. அம்மா பருத்தி உள்ளாடையும் காலுறையும் பார்சல் போட்டிருக்கிறாள். கடையில் வாங்கிய நைலான் காலுறையைக் கரையிலேயே விட்டுவிடு.

அன்புடன்,
அப்பா